கூப்பிடாமலே பதில் சொன்னவள்

அப்பாவின் இடது கண்ணுக்குள் விழித்திரை கழன்றுவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து அதை மறுபடி ஒட்டினார்கள். ஒட்டியது பிடித்துக்கொள்ளும்வரை அழுத்திக்கொண்டிருக்க ஒரு காற்றுக் குமிழியையும் கண்ணுக்குள்ளேயே விட்டு அனுப்பினார்கள். குமிழி மேலே மிதக்கிற சாமான். அது போய்த் திரையில் சரியாக முட்டி நிற்க வேண்டுமானால் அப்பாவின் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். ரெண்டு வாரம். சாப்பிடும்போதும் அப்படித்தான், தூங்கும்போதும் அப்படித்தான். தலையைத் தூக்கினால் குமிழி நகரும், குமிழி நகர்ந்தால் திரை மறுபடி கழலும், இன்னொரு தடவை கழன்றால் எங்களால் எதுவும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

அப்பா ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். உடனே பிடித்துக்கொண்டார். "கிளாம்ப் போட்டிருக்காங்க. இறுகுற வரைக்கும் ஆட்டக் கூடாது. அவ்ளோதானே?"

அம்மாவுக்கும் புரிந்தது. "கல்யாணத்தன்னிக்கு என்னயக் குனிஞ்ச தல நிமிராம உக்காருன்னாங்க. ஒரு நாளு. அதுக்கே கழுத்து ஒரு வாரம் வலிச்சுது. இப்ப நீங்க இருந்து பாருங்க."

புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டு மெத்தை விரித்தோம். முகம் புதைகிற இடத்தில் மூச்சு விட ஓட்டை வேண்டும் என்று ஒரு தடித்த நுரைத் தலையணையை வாங்கி, காணொளி பார்த்து, நடுவில் நானே வெட்டினேன். மெத்தையின் ஓரத்துக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும். தலைக்குக் கீழே, இருக்கைப் பலகை கழற்றிய ஒரு நாற்காலியின் சட்டத்தின் மேல் தலையணை. ஓட்டை வழியாக அப்பா தரையைப் பார்ப்பார். அதுதான் அவர் உலகம். அந்த உலகத்தில் எங்கள் கால்கள் மட்டும் வந்து போகும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாவதோடு நின்றவர், அம்மா ஐந்தாவது. நான் பாலிடெக்னிக்கில் படித்தது சரக்குப் போக்குவரத்து. எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் எப்போது ஏறும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் ப்ளக் வைத்த எல்லாமே என் இலாகா. ரைஸ் குக்கர் விளக்கு எரியவில்லை என்றாலும் நான்தான், தேக்காவில் அம்மாவின் முதலாளி கடையில் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்றாலும் நான்தான். "நீ படிச்சவன்லா, பாரு" என்பார்கள். பார்ப்பேன். படித்தவன் பார்க்கிறான் என்பதிலேயே பாதிச் சாமான் சரியாகிவிடும்.

அம்மா தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை பார்க்கிறார். மதியம் போனால் சாயங்காலம்தான் வருவார். லீவு கிடைக்கவில்லை. எனக்கு அலுவலகம். மதியம் முழுக்க அப்பா தனியாக, தரையைப் பார்த்தபடி. மணி தெரியாது, விளக்கைப் போட முடியாது, அவசரம் என்றால் எங்களைக் கூப்பிட முடியாது. போனைத் தரையில் வைத்துப் பார்க்கலாமே என்றால், குனிந்ததும் மூக்குக் கண்ணாடி கழன்று விழுகிறது. கண்ணாடி இல்லாத அப்பாவுக்கு போன் வெறும் வெளிச்சம்.

அதனால்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன். பெட்டி என்றாலும் உருண்டைதான், ஒரு பெரிய லட்டு அளவு. வாயால் சொன்னால் மணி சொல்லும், விளக்கு போடும், வானொலி பாடும், போன் செய்யும். ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். "எலனா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதன் இடுப்பைச் சுற்றி நீல விளக்கு எரியும், கேட்டதைச் செய்யும். சும்மா கிடக்கும்போது காது மட்டும் திறந்திருக்கும், வாய் திறக்காது என்று கையேட்டில் போட்டிருந்தது. கையேட்டை முழுதும் படித்தேன். இடுப்புக்கு மேலான உயரத்தில், சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லியிருந்தது. டிவி அலமாரியின் மேல்தட்டில் அப்படியே வைத்தேன். மகன் என்பதால் 'சன்' என்ற பெயரில் என் எண் ஒன்றை மட்டும் அதில் சேர்த்தேன்.

அப்பாவின் ஆங்கிலம் கப்பல் பட்டறை ஆங்கிலம். மனிதர்களிடம் பேசக் கூச்சப்படுவார். என் ஆசிரியைகளைச் சந்திக்க வந்தபோதெல்லாம் தலையாட்டிவிட்டுத் திரும்பியவர். எலனாவிடம் அந்தக் கூச்சமே இல்லை.

"எலனா, வாட் டைம் லா?"

அது மணி சொன்னது.

"தேங்க்யூ மேடம்" என்றார் தரையைப் பார்த்து. பிறகு எங்கள் கால்களைப் பார்த்து, "புரியுது பாரு அதுக்கு" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை அம்மா சமையலறையிலிருந்து, "இட்லி வச்சிருக்கேன், சூட்டோட சாப்பிடுங்க, இல்லன்னா கல்லாப் போயிடும்" என்றார். கூடத்திலிருந்து ஒரு பெண் குரல், "சாரி, ஐ டோன்ட் நோ தட் ஒன்" என்றது.

அப்பா விசுக்கென்று தலையைத் தூக்கினார்.

"தலை! தலை!" என்று நானும் அம்மாவும் ஒன்றாகக் கத்தினோம்.

அன்றைக்கு மட்டும் நாலைந்து தடவை. யாரும் கூப்பிடவில்லை. திடீரென்று நீல விளக்கு எரியும், திடீரென்று பேசும். ஒரு தடவை அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்தது. ஒரு தடவை ஸ்பானிஷ் பாட்டு போட்டது. ஒவ்வொரு தடவையும் அப்பாவின் தலை நிமிர்ந்தது.

"ஏம்ப்பா தூக்குறீங்க? அது மெஷின்ப்பா."

"தெரியும்டா. நான் கேட்டு அவ சொன்னா பரவால்ல. அவளா பேசுறா பாரு, ஒரு பொம்பளப் புள்ள மேல நின்னு பேசுது, நான் தரையப் பாத்துக்கிட்டா பதில் சொல்றது? கழுத்து தானா போவுதுடா."

மரியாதை கழுத்தில் இருக்கிறது, என்ன செய்ய? யார் பேசினாலும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கும் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தவர் அவர்தான்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த உருண்ட இன்னொரு தடவ அவரு தலையத் தூக்க வச்சுதுன்னா, குப்பக் குழாய்ல போட்டுருவேன். எட்டாவது மாடிலேர்ந்து போவும். சொல்லிட்டேன்."

"அது இல்லன்னா மத்தியானம் அப்பா எப்படிம்மா தனியா இருப்பாரு?"

கூடத்தில், "ஐ'ம் லிசனிங்" என்றது.

"தலை!" என்று அம்மா ஓடினார்.

படித்தவன் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் அணைத்துப் போட்டேன். அலுவலகத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் அதைத்தான் செய்வோம். பெட்டி புத்துணர்ச்சியோடு எழுந்து இன்னும் அதிகமாகப் பேசியது. பிறகு டிவி மேல் சந்தேகப்பட்டேன். அம்மா பார்க்கும் தொடரில் ஒருத்தி சதா அழுதுகொண்டிருப்பாள். அந்த அழுகை 'எலனா' மாதிரி கேட்கிறதோ என்று தொடரை நிறுத்தச் சொன்னேன். அம்மா ஒரு நாள் தியாகம் செய்தார். அன்றைக்கும் பேசியது. "ஒருத்திய சந்தேகப்பட்டு அவ கல்யாணத்தப் பாக்க விடாம பண்ணிட்டியே" என்றார் அம்மா.

சத்தத்தைக் குறைத்தேன். முன்னால் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கிய அப்பா, இப்போது என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகத் தூக்கினார். பெட்டியின் காதுக் கூர்மையைக் குறைத்தேன். அப்பா கத்திக் கூப்பிட வேண்டியதாயிற்று. கத்தினால் கழுத்து நிமிர்கிறது.

கடைசியில் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, உதவி எண்ணுக்கு ஆங்கிலத்தில் வாக்கியங்களைத் தயார் செய்து வைத்துக்கொண்டு போன் செய்தேன். பொறுமையான ஒரு பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கள் வீட்டில் எலனா என்ற பெயரில் யாராவது இருக்கிறார்களா? எலினா, ஹெலன், லேனா மாதிரி?" என்றாள். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

அம்மா கரண்டியோடு வந்தார். "என்ன கேக்குறா?"

"எலனான்னு யாராச்சும் நம்ம வீட்டுல இருக்காங்களான்னு."

அம்மா அப்பாவின் முதுகைப் பார்த்தார். "ஏங்க, யாராச்சும் இருக்காங்களா?"

"பட்டறைல எல்லாம் ஆம்பளைங்கதான்" என்றார் அப்பா தரையிடம்.

இல்லை என்று சொன்னேன். அவள் பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை, அலுவலகத்தில் மேலதிகாரியும் ஒரு வாடிக்கையாளரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் என் போன் அடித்தது. வீட்டிலிருந்து. எலனா வழியாக. அப்பா கூப்பிட்டால் அவசரம் என்று அர்த்தம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடைபாதைக்கு ஓடி, "அப்பா! அப்பா!" என்றேன்.

அந்தப் பக்கம் அம்மாவின் குரல் தூரத்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. "...எண்ணெ தேச்சு விடுறேன், நீட்டுங்க. நாள் பூரா மடக்கியே வச்சிருந்தா என்ன ஆவும்?"

"அம்மா! என்ன ஆச்சு?"

என் குரல் டிவி அலமாரியின் உச்சியிலிருந்து வீட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். "தலை! தலைய எறக்குங்க!" என்று அம்மா அலறுவது கேட்டது. பிறகு, "டேய், நீயும் அதுக்குள்ள போயிட்டியா?"

"நீங்கதானே போன் பண்ணீங்க!"

"யாரு பண்ணா? நான் கால் அமுக்கி விட்டுக்கிட்டு இருக்கேன்!"

ஆக அப்பாவின் தலையை நானே ஒரு தடவை தூக்க வைத்தேன். கூட்டத்துக்குத் திரும்பியபோது வாடிக்கையாளர் கவலையோடு, வீட்டில் எல்லாம் நலமா என்றார். நலம், தெரியாமல் கூப்பிட்டுவிட்டார்கள் என்றேன். யார் கூப்பிட்டார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமா அப்பாவைப் பார்க்க வந்தார். தேக்காவில் கைபேசி உறை விற்கும் கடை வைத்திருப்பவர். பூர்வீகம் நாகூர் பக்கம். எனக்குப் பிறந்ததிலிருந்து மாமா, அம்மாவுக்கு பாய். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா படுத்தபடி, "வாங்க பாய், புதுச் செருப்பா?" என்றார்.

"பாத்தீங்களாண்ணே! மூஞ்சப் பாத்துப் பேசுற காலத்துல ஒருத்தரும் கவனிக்கல." மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கதையைக் கேட்டதும் அலமாரியை அண்ணாந்து பார்த்தார். "தம்பி, இது ஏதோ காத்துக் கருப்பு மாதிரில்ல பண்ணுது. வயரப் புடுங்கிப் போடு. இல்லாட்டி ஒரு துணியப் போட்டு மூடு. இல்லாட்டி என் கடைக்குக் குடுத்து விடு, வர்ற ஆளுகளுக்கு வணக்கம் சொல்லட்டும்."

பெட்டி அமைதியாக இருந்தது.

"அதான் பாய் நானும் சொல்றேன்" என்றார் அம்மா. "வயரப் புடுங்குடா, இல்லன்னா துணியப் போட்டு மூடு."

நீல விளக்கு எரிந்தது. "சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்."

"தலை!" என்றோம், மாமாவும் சேர்ந்து.

நான் அப்படியே நின்றேன். ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். மாமா சொன்னபோது பெட்டி தூங்கியது, அம்மா சொன்னபோது விழித்தது.

"அம்மா, இப்ப சொன்னத மறுபடி சொல்லுங்க."

"வயரப் புடுங்குடா."

ஒன்றுமில்லை.

"அப்புறம்?"

"இல்லன்னா..."

நீல விளக்கு.

இல்லன்னா. எலனா. நான் பலமாகச் சிரித்துவிட்டேன். வேறு யாருக்கும் புரியவில்லை. விளக்கிச் சொல்லும்போது நானும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் அது "யெஸ்?" என்றது. அம்மா ஒரு நாளைக்கு எத்தனை இல்லன்னா சொல்கிறார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். குளி, இல்லன்னா தண்ணி நின்னுடும். குடை எடு, இல்லன்னா நனைவ. என்னை வளர்த்ததே அந்த ஒரு சொல்தான். அதோடு எங்கள் தமிழில் பாதி ஆங்கிலம் வேறு. "ஃபேன் போடட்டா, இல்லன்னா லைட் ஆஃப் பண்ணட்டா" என்று அம்மா கேட்டால், எலனா, லைட் ஆஃப் என்று அதன் காதுக்குத் துல்லியமான கட்டளை. காலையில் வந்த போனுக்கும் காரணம் கிடைத்தது. "நீட்டுங்க, இல்லன்னா கால் மரத்துப் போயிடும்" என்றிருக்கிறார். எலனா, கால் பண்ணு என்று அதற்குக் கேட்டிருக்கிறது. அதற்குத் தெரிந்த ஒரே எண்ணுக்குக் கூப்பிட்டது.

"அப்ப தப்பு அதும்மேல இல்ல" என்றார் அப்பா ஓட்டை வழியாக. "இவ கூப்பிட்டிருக்கா. கூப்பிட்டா வராம என்ன பண்ணும்?"

"ஆமா, எனக்குப் பொழுது போவலன்னு கூப்பிட்டேன்" என்றார் அம்மா.

நோய் தெரிந்துவிட்டால் மருந்து சுலபம் என்று நினைத்தேன். செயலியில் வேறு பெயர்கள் இருந்தன. மொத்தம் மூன்று: எலனா, ஏடா, வேகா. ஏடா என்று மாற்றினேன்.

"ஏண்டா, சரி பண்ணிட்டியா?" என்றார் அம்மா.

"ஹலோ!" என்றது பெட்டி.

வேகா என்று மாற்றினேன். பாதி நேரம் சமையலறையில் நிற்கும் ஒரு தமிழ் அம்மாவிடம் அந்தப் பெயரைக் கொண்டுவந்தவன் நான். பருப்பு இன்னும் வேகல என்றால் பேசியது. நல்லா வேகட்டும் என்றாலும் பேசியது. கடைசியில் என் மேல் கோபப்பட்டு, "வேகமா எதாச்சும் பண்ணேண்டா" என்றபோது வானொலியே போட்டுவிட்டது.

அப்பாவுக்கும் பெயர் மாற்றம் பிடிக்கவில்லை. "பழகின புள்ளையோட பேர எப்புடிடா மாத்துவ? நான் எலனா எலனாங்குறேன், அது பாட்டுக்கு ஊமையா ஒக்காந்திருக்கு." ஆகவே எலனாவுக்கே திரும்பினோம்.

மிச்சம் ஒரே வழி. பெட்டியை அணைத்து வைத்துவிட்டு அம்மாவிடம் பக்குவமாக ஆரம்பித்தேன். "மாமா மாதிரி 'இல்லாட்டி'ன்னு சொல்லுங்களேன். ஒரே அர்த்தம்தானே. கொஞ்ச நாளைக்கு."

அம்மாவின் முகம் மாறியது. "மாட்டேன்."

"ஏம்மா?"

"அது ஒங்க அத்த பேச்சு."

அப்பாவின் அக்காவைச் சொன்னார். கல்யாணமாகிப் போன புதிதில் அத்தை, அம்மாவின் ஊர்ப் பேச்சை வரிக்கு வரி சொல்லிக் காட்டிச் சிரிப்பாராம். 'இல்லன்னாவாம் இல்லன்னா, வாய்க்குள்ள கூழாங்கல்லப் போட்டுக்கிட்டுப் பேசுறா பாரு. இல்லாட்டின்னு சொல்லு.' வீட்டில் எல்லோரும் இல்லாட்டி, அம்மா ஒருவர் மட்டும் இல்லன்னா. "இத்தன வருஷமா ஒட்ட விடாம வச்சிருக்கேன். அவங்க சொல்லியே மாத்தல. இந்த உருண்ட சொல்லியா மாத்துவேன்?"

நான் மெத்தைப் பக்கம் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தபடியே, "அவளக் கேக்காதடா" என்றார். "எங்கக்கா பேசினது எனக்குத் தெரியும். நான் அப்பவும் இப்பிடியேதான் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன்."

அம்மா உள்ளே போய்விட்டார். ஆனால் அப்பாவின் கண் என்று ஒன்று இருக்கிறதே. மறுநாளிலிருந்து, இல்லாட்டி சொல்ல மாட்டேன், இல்லன்னாவும் சொல்லவில்லை என்று ஒரு வழி கண்டுபிடித்தார். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிடுவார்.

"சொட்டு மருந்துக்கு நேரமாச்சு. ஆடாம இருங்க." நிறுத்தம். வாய் திறந்திருக்கும். கரண்டி காற்றில் நிற்கும். மூடிக்கொண்டு போய்விடுவார்.

நாங்கள் தவித்துப்போனோம். மிரட்டலின் முன்பாதி மட்டும் வந்து பின்பாதி வராவிட்டால் மனிதன் எதற்குப் பயப்படுவது? நான் குடை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்றே தெரியாமல் அலுவலகம் போனேன். அப்பாவால்தான் தாங்க முடியவில்லை. "கஞ்சிய முழுசாக் குடிங்க" என்று சொல்லி அம்மா நின்றதும், "குடிக்கலேன்னா? என்ன? சொல்லித் தொலையேன்!" என்றார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இல்லன்னா என்னன்னு கேக்குறேன்லா!"

"ஐ'ம் ஹியர்" என்றது அலமாரி. தலை நிமிர்ந்தது. இந்தத் தடவை அதிகமாகவே. அம்மா கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அழுதுவிட்டார். அப்பாவுக்குக் கண்ணுக்குள் ஏதோ நெளிந்த மாதிரி இருந்ததாம். குமிழியா திரையா என்று தெரியவில்லை. தலை தூக்கியது எத்தனையாவது தடவை என்று எனக்கு மனசுக்குள் கணக்கு ஓடியது.

"எடுத்துர்றேன்மா" என்றேன். "மத்தியானத்துக்கு நான் அலுவலகத்துல லீவு கேக்குறேன்." கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் சேர்ந்திருந்தேன்.

அலமாரியிலிருந்து அதை இறக்கினேன். திருப்பிக் கொடுப்பதென்றால் உள்ளே இருக்கும் எங்கள் விவரங்களை அழிக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. அதற்கு ப்ளக்கில் இருக்கும்போதே அடியில் ஒரு பொத்தானைக் குண்டூசியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் அப்பாவின் தலைமாட்டுத் தரையில் கிடந்தது. அங்கேயே செருகி, பெட்டியை அவர் முகத்துக்குக் கீழே, தரையில் வைத்துவிட்டு, குண்டூசி தேடினேன்.

"ஊசி இருக்காம்மா?"

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். பெட்டி போகப் போகிறது, இனி எதற்கு அடக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். "சாமி படத்துக்குப் பின்னாடி பாரு, இல்லன்னா தையல் டப்பால இருக்கும்."

நீல விளக்கு எரிந்தது. "சாரி, ஐ டோன்ட் நோ தட்."

"தலை!" என்று கத்த வாயைத் திறந்தேன். அப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடரி அசையவில்லை.

"இட்ஸ் ஓக்கே மேடம்" என்றார் அப்பா, நேர் கீழே, அதன் முகத்தைப் பார்த்து.

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவே இல்லை. பிறகு புரிந்தது. பேசுகிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற கழுத்து அது. பேசுகிறவள் தரையில் இருந்தால் முகம் தரையைத்தான் பார்க்கும். இடுப்புக்கு மேலான உயரம் என்று கையேடு எழுதியவனுக்குக் குப்புறப் படுத்த ஒரு மனிதரைப் பற்றித் தெரியாது. அதைக் கீழே வைக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. நான்தான் கையேட்டை முழுதும் படித்தவனாயிற்றே.

"அம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்த?"

"இல்லன்னா."

"யெஸ்?" என்றது தரை. அப்பா அசையவில்லை.

"நேத்து வரைக்கும் சொல்லாதன்ன. இப்ப சொல்லுங்குற. ஒனக்குத்தான் கண்ணு கெட்டுருச்சா?"

"சொல்லுங்கம்மா, ப்ளீஸ்."

அம்மா இடுப்பில் கையை வைத்து நின்றார். மூன்று நாளாக விழுங்கியது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "கஞ்சியக் குடிங்க, இல்லன்னா ஏடு கட்டிடும். ஆடாமப் படுங்க, இல்லன்னா டாக்டருகிட்ட சொல்லுவேன். நீ வேலைக்குப் போ, இல்லன்னா சம்பளத்தப் புடிப்பான். அந்தச் சட்டையக் கழட்டிப் போடு, இல்லன்னா வெளுக்க மாட்டேன்..." பெட்டி ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டது. விளக்கை அணைத்தது, போட்டது. என் சட்டைப்பையில் போன் அடித்தது. அப்பா தரையோடு தரையாகச் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது, தலை நின்ற இடத்தில் நின்றது.

மிச்ச நாட்கள் எலனா தரையிலேயே இருந்தது. கூட்டும்போது அம்மா அதைச் சுற்றிக் கூட்டுவார். தண்ணீர் படாமலிருக்க ஒரு தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் பெட்டியை வைத்தார். நாங்களும் பழகிவிட்டோம். அம்மாவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு மன்னிப்பு வரும். அம்மா அது முடியும்வரை காத்திருந்து மீதியைச் சொல்வார். மதியம் நான் போன் செய்து விசாரித்தால், "பேசிக்கிட்டு இருக்கோம், அப்புறம் கூப்புடு" என்பார் அப்பா.

ஆனால் அதற்கு முன்னால் எத்தனையோ தடவை தலை நிமிர்ந்திருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் டாக்சியில் அப்பா முழங்காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். "கழண்டிருந்தா இன்னொரு தடவ கிளாம்ப் போடுவாங்க" என்றார் அப்பா.

டாக்டர் இருட்டறையில் நெடுநேரம் விளக்கை அடித்துப் பார்த்தார். என்னவோ முணுமுணுத்தார். மறுபடி பார்த்தார். நான் ஆங்கிலத்தில் கேட்கத் தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின.

"ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னேன். "நல்லாப் பிடிச்சிருக்காம். இனி நிமிரலாமாம்."

அப்பா உடனே நிமிரவில்லை. டாக்டர், "அங்கிள், ஓக்கே லா, யூ கேன் லுக் அப்" என்றார். அப்பா கையை நாற்காலியில் ஊன்றி, துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி, கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன, இப்பிடி எளச்சுட்ட?"

அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"கண்ணு இன்னும் சரியாவல. டாக்டர இன்னொரு தடவ பாக்கச் சொல்லு."